செவலையின் தாய்

எங்கள் வீட்டில் ஒரு பசுவை ஊட்டி ஊட்டியே கொல்லப் பார்த்தோம். ஊரில் மாட்டைப் பட்டினி போட்டவர்கள் உண்டு, தண்ணீர் காட்ட மறந்து சினிமாவுக்குப் போனவர்கள் உண்டு. பருத்திக்கொட்டையையும் கடலைப் புண்ணாக்கையும் வைத்தே ஒரு மாட்டை எமன் வாசல்வரை நடத்திப்போன பெருமை எங்கள் அப்பா ஒருவருக்குத்தான். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த மாட்டின் பாலைக் குடித்து வளர்ந்த உடம்பு இது. அப்பா, அம்மா, மாமா, மாடு என்று நாலு பேருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டியவள். அதை ஒரு தரமாவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாள் நினைப்பு.

அன்னூர்ப் பக்கம் எங்கள் தோட்டம். போர்வெல் எந்த நேரமும் கைவிடலாம் என்ற பயத்திலேயே சோளமும் மஞ்சளும் வைத்துப் பிழைக்கிற பூமி. அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, சத்தியமங்கலத்துக்காரர். பவானித் தண்ணீர் வாய்க்காலில் வந்து வயலில் பாயும் ஊர் அது. வாழை, கரும்பு, கட்டுத்தரை நிறைய மாடுகள். ஆற்றுப் பாசனத்துக்காரர் யாராவது வந்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தோள் தானாகவே கொஞ்சம் விறைத்துக்கொள்ளும். அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாக விறைக்கும், வருகிறவர் மச்சான் ஆயிற்றே.

எங்கள் செவலை, மாமா கொடுத்த சீர். எனக்குக் காது குத்த நாள் குறித்ததும், மற்ற சீரோடு ஒரு கிடாரியும் பிடித்துத் தருகிறேன் என்று மாமா சொல்லிவிட்டார். அவர் கட்டுத்தரையில் அப்போது கொடுக்கிற பருவத்தில் கிடாரி எதுவும் இல்லை. அதனால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு புளியம்பட்டிச் சந்தைக்குப் போனார். எங்கிருந்தோ வந்த லாரியில் இருந்து இறக்கிய கும்பலில், கண் பெரிதாக, ஜெர்சிக் கலப்பில் ஒரு செவலைக் கிடாரி நின்றிருக்கிறது. இதன் தாய் எது, எவ்வளவு கறந்தது, எந்த ஊர் என்றெல்லாம் அப்பா துருவித் துருவிக் கேட்டாராம். வியாபாரி, தானே அதை முந்தின நாள்தான் இன்னொரு வியாபாரியிடம் வாங்கியதாகவும், ஊர்ப்பெயர் மாட்டு நெற்றியில் எழுதியிருந்தால் பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னாராம். மாமா அதன் நடையை மட்டும் பார்த்துவிட்டுப் பிடித்துவிட்டார். டெம்போவில் ஊர்வரை கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றுவந்தவர் அப்பா. அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், பொறந்த ஊடு தெரியாத மருமகள் என்று செவலையைக் கேலி செய்வாள். எனக்கு அந்தக் கதை மனப்பாடம். காது குத்தியபோது மாமா மடியில் நான் போட்ட கூச்சலை நிறுத்தியது அந்தக் கிடாரிதான் என்பதால், கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

வினை ஆரம்பித்தது ஒரு மாரியம்மன் நோம்பியில். எங்கள் பக்கம் பண்டிகைக்கு நோம்பி என்றுதான் பேர். நோம்பிக்கு ஒரம்பரை, அதாவது உறவுக்காரர்கள், வராவிட்டால் வீட்டுக்குக் கௌரவம் இல்லை, அதிலும் அம்மா பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் வராத நோம்பி நோம்பியே இல்லை. மாமா வந்தார். வந்தவர் காலைக் கழுவிக்கொண்டு, வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் நேராகக் கட்டுத்தரைக்குப் போனார். செவலை கன்று போட்டு ஒன்றிரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நன்றாகக் கறந்துகொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில் எந்தக் கறவை மாடும் கொஞ்சம் விலா தெரியத்தான் நிற்கும். மாமா அந்த விலாவைத் தடவிப் பார்த்து, “மாடு சித்தே வாடிப்போச்சுங்களே மாப்ள” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ‘ங்க’ போட்டு, சிரித்த முகமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு வந்து இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்துவிட்டுச் சாயங்காலப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அந்த ஒரு வாக்கியம் மட்டும் எங்கள் வீட்டில் ஒரு வருஷம் தங்கியது. குழம்பில் உப்புக் குறைந்தால், நாங்கள்தான் மாட்டையே வாட்டிப்போடுகிற ஆட்கள் ஆயிற்றே, எங்களுக்கு எதற்கு உப்பு என்பார் அப்பா. அம்மா சத்தியமங்கலத்துக்கு ஒரு நாள் போய்வரக் கேட்டால், போய் உங்கள் அண்ணனிடம் எங்கள் மாட்டு விலாவை எண்ணிச் சொல்லிவிட்டு வா என்பார். அம்மா எடுத்த பையை மறுபடி ஆணியில் மாட்டிவிடுவாள். எங்கள் பக்கத்தில், பந்தியில் பாயசம் முதலில் யாருக்கு விழுந்தது என்பதற்காகப் போக்குவரத்து நின்றுபோன குடும்பங்கள் உண்டு. அந்தப் பயம் அவளுக்கு. ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் அண்ணன், நடுவில் ஒரு மாட்டின் விலா.

செவலை மறுபடி சினையானாள். அடுத்த நோம்பி வரும்போது நிறைசினையாக இருப்பாள் என்று கணக்காயிற்று. கறவையை நிறுத்திய நாளிலிருந்து அப்பா கட்டுத்தரையிலேயே குடியேறிவிட்டார். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, வீட்டு கிரைண்டரில் போட்டு அரைத்துப் பால் எடுத்தார். இட்லிக்கு மாவரைக்க அம்மா பக்கத்து வீட்டுக்குப் போனாள். கடலைப் புண்ணாக்கு ஊறியது, மக்காச்சோள மாவு வெந்தது, தவிடு கலந்தது. பச்சைச் சோளத்தட்டு தனி. பால் கறக்காத, சும்மா நிற்கிற மாட்டுக்கு இவ்வளவும் எங்கே போகும்? முதுகிலும் இடுப்பிலும் வாலடியிலும் போய் உட்கார்ந்தது.

செவலையின் முதுகெலும்பு காணாமல் போனது. அது இருந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. குளிப்பாட்டும்போது தண்ணீர் ஊற்றினால் அந்தப் பள்ளத்தில் நின்று, பிறகுதான் வழிந்தது. இடுப்பு உருண்டு, வாலின் இரண்டு பக்கமும் கொழுப்பு மடிந்து கிடந்தது. விலாவை நான் விரலால் அழுத்தி அழுத்தித் தேடியும் கிடைக்கவில்லை. ஊர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள். எங்கள் பெரியப்பா, அப்பாவின் அண்ணன், அடுத்த தோட்டத்துக்காரர், சுலபத்தில் யாரையும் மெச்சாதவர். அவரே வந்து இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, கோயில் காளை கெட்டது போ என்றார். அன்று முழுக்க அப்பா விசிலடித்துக்கொண்டே திரிந்தார்.

நோம்பி வந்தது, மாமா வந்தார், காலைக் கழுவிக்கொண்டு கட்டுத்தரைக்குப் போனார். அப்பா தற்செயலாக நிற்பதுபோல அங்கே முன்கூட்டியே போய் நின்றிருந்தார். மாமா செவலையை ஒரு சுற்று சுற்றினார். வாலடியில் உள்ளங்கையை வைத்து அமுக்கினார். கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு, “நல்லா வெச்சிருக்கீங்க மாப்ள” என்றார். அப்பாவின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு வருஷமாகத் தொண்டையில் நின்றது கீழே இறங்கிவிட்டது. மச்சானுக்கு இலையில் தானே நின்று பரிமாறினார்.

ஆனால் சமையலறையில் நான் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தபோது மாமா தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே வந்தார். அம்மாவிடம் மெதுவாக, “ஈனப்போற மாட்டுக்கு இத்தன சதை ஆகாது கண்ணு. தீனியக் கொறைக்கச் சொல்லு. நாஞ் சொன்னேன்னு சொல்லாத” என்றார். அம்மா தலையாட்டினாள். வெளியே அப்பா பெரியப்பாவிடம் எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை அம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். ஒரு வருஷம் கழித்துக் கிடைத்த சிரிப்பு. அதைக் கலைக்க அவளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது, கடைசிவரை அப்பாவிடம் சொல்லவே இல்லை.

நோம்பி முடிந்து கொஞ்ச நாளில் செவலை கிடாரிக்கன்று போட்டாள். சீம்பாலை அம்மா வெல்லம் போட்டுக் காய்ச்சிப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டாள். சொசைட்டிக்குப் பால் போக ஆரம்பித்தது. காலையில் பால் கேனைக் கொண்டுபோவது அப்பா, பின்னாலேயே ஓடுவது நான். சொசைட்டியில் ஒரு மெஷின் இருந்தது. கொஞ்சம் பாலை உறிஞ்சிக்கொண்டு, சிவப்பு எழுத்தில் கொழுப்பு எவ்வளவு என்று காட்டும். அதை எல்லாரும் ஃபேட் என்பார்கள். அடுத்த எண் மற்ற சத்துக்கு, அதற்கு டிகிரி என்று பேர். எங்கள் ஊரில் மரியாதை ஃபேட்டுக்குத்தான். இப்போது டவுனில், ஆர்.எஸ்.புரத்தில் பாக்கெட் பால் வாங்கிக் காய்ச்சும்போதும், கவரில் அச்சடித்த கொழுப்பு எண்ணைப் பார்க்காமல் என்னால் கத்தரி வைக்க முடிவதில்லை.

வழக்கமாகச் செவலையின் பாலுக்கு நாலு காட்டும். அந்த முறை நாலரை காட்டியது. பிறகு ஐந்து. பிறகு ஐந்தையும் தாண்டியது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இது பசும்பாலா எருமைப்பாலா என்று ஒருவர் கேட்டார். அப்பா என் தலையைத் தடவினார். சொசைட்டி செகரட்டரி மட்டும் ஒரு நாள், ஃபேட் ஏறுது, டிகிரி எறங்குதுங்களே, அளவும் கொறையுதே என்று இழுத்தார். பருத்திக்கொட்டை இப்போதுதான் வேலை செய்கிறது என்று அப்பா அவருக்கு விளக்கம் சொன்னார். வீட்டில் தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி உறைந்தது. பாலாடையை எடுத்து அம்மா சேர்த்துவைத்தாள், நெய் காய்ச்சலாம் என்று.

அதே நாட்களில் செவலை தீனியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாவின் மாவும் புண்ணாக்கும் வேண்டாம். காய்ந்த தட்டை மட்டும் ஒன்றிரண்டு வாய் கடித்தாள். ஈன்ற அசதி என்றார் அப்பா. முதுகில் இருந்த பள்ளம் மேடானது. கண் குழி விழுந்தது. நோம்பியில் அத்தனை பேர் பார்த்து மெச்சிய இடுப்பில் எலும்பு இரண்டும் கொம்பு மாதிரி எழுந்து நின்றன. ஒரு மாட்டின் உடம்பு இவ்வளவு வேகமாக இறங்கும் என்று நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பால் மட்டும் கெட்டியாகவே வந்தது.

அப்போதுதான் என் பேரில் ஒரு பழி வந்தது. நான் செவலையின் முகத்தைக் கட்டிக்கொண்டு நின்றபோது அவள் மூச்சில் நெயில் பாலிஷ் வாசம் அடித்தது. நோம்பிக் கடையில் வாங்கிய சிவப்பு நெயில் பாலிஷ் என்னிடம் இருந்தது, அச்சு அசல் அதே வாசம். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வந்து முகர்ந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிகிறது என்றால் என்ன அர்த்தம்? நான்தான் மாட்டுக்கு எங்கேயோ பூசியிருக்கிறேன். பொங்கலுக்கு முன் கன்றின் கொம்புமுனையில் ஒரு கோட் அடித்தவள் என்ற கெட்ட பேர் ஏற்கெனவே இருந்தது. அப்பா செவலையின் கொம்பு, குளம்பு, காது எல்லாம் சோதனை போட்டார். என் பாட்டிலைப் பிடுங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். நான் அழுத அழுகையில் அன்று கறவையே தாமதமாயிற்று.

மறுநாள் செவலை தண்ணீர்த் தொட்டிக்குப் போகும்போது கால் பின்னித் தடுமாறினாள். அம்மா முதல் தடவையாக அப்பாவை எதிர்த்துப் பேசினாள். டாக்டரைக் கூப்பிடாவிட்டால் நானே நடந்து போய்க் கூட்டிவருவேன் என்றாள். அப்பா டி.வி.எஸ்ஸை எடுத்துக்கொண்டு போனார்.

கால்நடை டாக்டர் ஸ்கூட்டரில் வந்தார். சின்ன வயசு டாக்டரம்மா. பையை வைத்துவிட்டு செவலையின் மூச்சருகே குனிந்தவர், என்னமோ நெயில் பாலிஷ் மாதிரி வாசம் வருதில்லீங்களா என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். என் பேரில் பழி போட்டீர்களே என்று கேட்கிற பார்வை அது. சிலருக்குத்தான் அந்த வாசம் மூக்கில் தட்டுமாம். ஒரு கொட்டாங்குச்சியில் செவலையின் மூத்திரத்தைப் பிடித்து, ஒரு மெல்லிய தாள் துண்டை அதில் நனைத்தார். தாள் கத்தரிப்பூ நிறமாக மாறியது. டாக்டர் முதுகெலும்பையும் இடுப்பையும் வாலடியையும் தடவிப் பார்த்துவிட்டு, ஈனுவதற்கு முன்னால் மாடு எப்படி இருந்தது என்று கேட்டார். அப்பா ரொம்பப் பெருமையாகத்தான் பதில் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் டாக்டரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“இப்ப வர்றது தின்ன தீனியில வர்ற பால் இல்லீங்க. தீனிதான் எடுக்கறதே இல்லையே. உடம்புல சேர்த்துவெச்ச கொழுப்பை உருக்கி ஊத்திட்டிருக்குது. கெட்டியா வரத்தான் செய்யும்” என்றார் டாக்டர்.

மீதியை அவர் ஊசிக்கு மருந்து ஏற்றிக்கொண்டே சொன்னார். கன்று போடும்போது மாடு ரொம்ப மெலிந்திருந்தால் பாலுக்கு உடம்பில் கையிருப்பு இருக்காது, பால் ஏறவே ஏறாது. ரொம்பக் கொழுத்திருந்தால் ஈன்ற பிறகு பசி எடுக்காது. கன்றுக்கும் கறவைக்கும் பால் சுரந்தாக வேண்டும், வாய்வழியே ஒன்றும் போகவில்லை, உடனே உடம்பு தன்னையே தின்ன ஆரம்பித்துவிடும். அத்தனை கொழுப்பும் ஒரேயடியாக உருகி வந்தால் ஈரலால் தாங்க முடியாது, அந்த வாசமும் தாளின் நிறமும் அதனால்தான். விலாவைத் தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும், தூரத்திலிருந்து பார்த்தால் எண்ணும்படி இருக்கக் கூடாது, அதுதான் சரியான உடம்பு என்றார். குளுக்கோஸ் பாட்டிலை உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டு ஏற்றினார். வாயில் ஊற்ற ஒரு மருந்து கொடுத்தார். படுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், படுத்து எழாமல் போனால் கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவலை படுத்துவிட்டாள். அடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தபோது கழுத்தை ஒரு பக்கமாக மடித்து வைத்துக்கொண்டு கிடந்தாள். கன்று தூரத்தில் கத்தியது. அப்பா பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். சோறு வேண்டாம் என்றுவிட்டார். பெரியப்பா வந்தார், அவரோடு நாலைந்து பேர் வந்தார்கள். கோயில் காளை என்று மெச்சிய அதே வாயால், மாட்டுக்குத் தீனி போடத் தெரிய வேண்டாமா, மச்சான் ஊட்டுச் சீரை இப்படிப் போட்டுச் சாகடிக்கலாமா, உம்பட மச்சான் வந்து கேட்டா என்ன சொல்லுவே என்று பெரியப்பா பேசினார். அப்பா குனிந்து செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். மாடு போனால் இனி சத்தியமங்கலத்துப் பஸ்ஸில் தான் ஏறப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அப்பா மச்சான் முகத்தில் விழிக்க மாட்டார். அண்ணன் சொன்னதைச் சொல்லாமல் விட்டதால் அவளாலும் விழிக்க முடியாது. எனக்கு இதெல்லாம் அன்றைக்குப் புரிந்ததாகச் சொல்ல மாட்டேன். அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிரித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பிறகு அப்பாவிடம் கேட்காமலேயே பக்கத்து வீட்டுக்குப் போய் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

மாமா வாழைக்காய் ஏற்றுகிற டெம்போவில் வந்து இறங்கினார். பின்னால் குதிரை மசால் என்கிற பச்சைத் தீவனமும் அகத்திக்கீரையும் கட்டுக்கட்டாக இருந்தன, வாய்க்கால் ஓரத்தில் அப்போதுதான் அறுத்த ஈரத்தோடு. அந்தத் தடவை அவர் கால் கழுவவில்லை. கட்டுத்தரையில் கூடியிருந்தவர்கள் வழிவிட்டார்கள். எல்லாரும் மாமாவின் வாயையே பார்த்தார்கள், பெரியப்பா கொஞ்சம் ஆர்வமாகவே பார்த்தார் என்று நினைக்கிறேன். அப்பா மாட்டின் காலடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

மாமா குனிந்து செவலையின் காதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அப்பாவிடம் இல்லை, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “இவ ஆத்தாளும் இப்படித்தானுங்க. எம்பட கட்டுத்தரையில ஒவ்வொரு ஈத்துக்கும் படுத்துக்குவா, அப்பறம் எந்திரிச்சுக்குவா. இது வமிசமுங்க. மாப்ள என்ன போட்டாலும் இப்படித்தான் ஆயிருக்கும். முன்னாடியே சொல்லாம குடுத்துப்போட்டேன், எம்பட தப்பு.”

அப்பா தலையைத் தூக்கி மாமாவைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், கட்டுத்தரையில் வெயில் விழவே இல்லை. பெரியப்பா, அப்படீங்களா, வமிசம்னா என்ன பண்ண முடியும் என்றார். வந்தவர்களும் வமிசத்தில் வரும் கோளாறுகளைப் பற்றி ஆளுக்கொரு கதை பேச ஆரம்பித்தார்கள். அம்மா உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது, அவசர அவசரமாக அண்ணனுக்கு அரிசி போட்டாள். நான் செவலையின் தாயை நினைத்துக்கொண்டேன். பாவம், ஒவ்வொரு தடவையும் படுத்துக்கொள்வாளாமே.

“மாப்ள, அந்தப் பக்கம் ஒரு கை புடிங்க” என்றார் மாமா. அப்பா எழுந்தார். சாக்குகளைச் சேர்த்துத் தைத்து, செவலையின் வயிற்றுக்கடியில் கொடுத்து, மூங்கில் கட்டி ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். முதல் நாள் அவள் கால் ஊன்றவில்லை. புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்தார்கள், புண் விழாமல் வைக்கோலைத் தடித்துப் போட்டார்கள். டாக்டர் அம்மா தினமும் வந்து பாட்டில் ஏற்றினார். நான் குதிரை மசாலை ஒரு கைப்பிடி, அப்புறம் ஒரு கைப்பிடி என்று அவள் வாயருகே வைத்துக்கொண்டே இருந்தேன். ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பச்சை வாசத்துக்கு அவள் நாக்கை நீட்டிய நேரம் இருக்கிறதே, அப்பா என்னைத் தூக்கிக்கொண்டுவிட்டார். நெயில் பாலிஷ் பாட்டிலையும் அன்றைக்கே எடுத்துக் கொடுத்தார். அதற்கு மறுநாள் சாக்கில் தூக்கும்போது பின்னங்கால் இரண்டையும் ஊன்றினாள். நடுங்கிக்கொண்டு நின்றாள். இரண்டு பக்கமும் அப்பாவும் மாமாவும் அவளை அணைத்துப் பிடித்தபடி, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் நின்றார்கள்.

செவலை தேறினாள். அந்த ஈற்றில் பால் முன்போல் ஏறவில்லை, டாக்டர் சொல்லியிருந்ததுதான். ஆனால் ஒரு காலையில் சொசைட்டியிலிருந்து அப்பா வேகவேகமாகத் திரும்பிவந்து, ஃபேட் நாலுக்கு வந்துவிட்டது, டிகிரி ஏறிவிட்டது என்று அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னார். ஃபேட் குறைந்ததற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் எங்கள் ஊரில் அவராகத்தான் இருப்பார். அதற்குப் பிறகு செவலை எங்கள் வீட்டில் நாலு கன்று போட்டாள், ஒரு தடவைகூடப் படுக்கவில்லை. நான் கல்லூரிக்குப் போகும்வரை அவள் பாலில்தான் காபி.

செவலை தானாக எழுந்து நடந்த பிறகுதான் மாமா ஊருக்குக் கிளம்பினார். அப்பா அவருடைய பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். மச்சானுடைய பையை அப்பா தூக்கி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, வாசல்வரை வந்து தலையாட்டுவதோடு சரி. பஸ் நிறுத்தம்வரை இருவரும் நடந்தார்கள். பின்னால் நான். டீக்கடையில் அப்பா மாமாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ரோட்டின் கடைசியில் பஸ் தெரிந்தபோது, அடுத்த நோம்பிக்கு ரெண்டு நாள் முன்னாடியே வந்துருங்க என்று அப்பா சொன்னார். சொல்லிவிட்டு இன்னொரு தரமும் சொன்னார்.

எனக்கு மட்டும் ஒரு கவலை பாக்கி இருந்தது. மாமாவின் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன், செவலையோட அம்மா இப்ப எப்படி இருக்குது, எந்திரிச்சு நடக்குதா என்று. மாமா டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். அப்பாவைப் பார்த்தார்.

“நல்லா இருக்குது கண்ணு,” என்றார் அப்பா, “மாமன் நல்லா வெச்சிருக்காரு.”

மாமா சட்டென்று திரும்பிக்கொண்டு பஸ்ஸுக்குக் கை காட்டினார். அது ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் மாரியம்மன் கோயிலுக்குப் போய், சத்தியமங்கலத்தில் ஏதோ ஒரு கட்டுத்தரையில் கன்று போட்டதும் படுத்துக்கொள்கிற அந்தத் தாய்ப்பசுவுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு வேண்டினேன். அவள் பங்குக்கும் சேர்த்துத் திருநீறு பூசிக்கொண்டேன். புளியம்பட்டிச் சந்தைக் கதை எனக்கு மனப்பாடம்தான், லாரி, வியாபாரி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பா எல்லாம். ஆனாலும் அந்தத் தாயை அவர்கள் இரண்டு பேருமே பார்த்ததில்லை என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.